காலிப் பெட்டிக்குக் கூலி

மதுரை நீதித்துறை நடுவர் முன்பாக, உறுதிமொழியின் பேரில் பதிவு செய்யப்பட்ட சாட்சி வாக்குமூலம்.

பெயர்: முத்திருளன். தகப்பனார் பெயர்: அழகுமலை (காலஞ்சென்றவர்). வயது: எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும் என்கிறார், சரியாகத் தெரியாது. தொழில்: முன்பு உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகு, பின்பு பசுமலையில் வாட்ச்மேன், இப்போது ஏதுமில்லை. விலாசம்: உசிலம்பட்டி, சந்தைத் திடலுக்குப் பின்புறம், மகள் சின்னத்தாய் வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்.

நான் மேலே கண்ட விலாசத்தில் என் மகளோடு குடியிருந்து வருகிறேன். நடந்தது எந்த வருஷம் என்று ஐயா கேட்டதற்கு, வருஷத்துக்கு எண் சொல்ல எனக்கு வராது, ஆனால் வருஷம் தெரியும். கலர் டிவி தருவதாகச் சொன்ன எலெக்ஷன் முடிந்து, ரேஷன் அரிசி இரண்டு ரூபாய்க்கு இறங்கி, அதை வாங்கக் கியூவில் நிற்க ஆளில்லாமல் ஊர் பூராவும் சிக்குன்குனியாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம். மாசம் ஆவணி. அது இரண்டாயிரத்து ஆறு என்று ஐயாவே சொல்லி எழுதச் சொன்னார்கள்.

அப்போது நான் பசுமலையில் ஒரு பிளாட்டுக் கட்டடத்தில் பகல் வாட்ச்மேனாக இருந்தேன். அதில் மாடி வீட்டில் ஹாலாஸ்யம் என்கிற ரிடையர் ஆன வாத்தியார் குடியிருந்தார். அவர் மனைவி பெயர் ஜானு அம்மா, மகள் பெயர் தீப்தி. அவர்கள் வீட்டில் ஆள் உயரத்துக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. அதற்குச் சாவி கொடுக்கிற சாவி காணாமல் போய், கடிகாரம் நின்றுவிட்டது. ஹாலாஸ்யம் சார் அந்தச் சாவிக்காக டவுன்ஹால் ரோட்டில் ஏறாத கடை இல்லை. ஒன்று துவாரத்துக்குள் போகாது, இன்னொன்று போனால் பிடிக்காமல் சுற்றும். கடிகாரம் அடிக்காத வீட்டில் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கடிகாரம் அடித்தால் முழிப்புத்தானே வரும் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

அதன்பின் ஒருநாள் தீப்தி வாசல் கேட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அதே மாதிரிச் சாவி ஏலத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். ஏலம் என்றதும் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன், ஏனென்றால் என் பாதி ஆயுசு ஏலத்திலும் தரகிலும் போனது. யார் கூவுகிறார்கள் என்று கேட்டேன். "யாரும் கூவ மாட்டாங்க தாத்தா, அவங்கவங்க வீட்ல இருந்தே விலையைத் தட்டுவாங்க" என்றாள். எதிராளி முகத்தைப் பார்க்காமல் விலையை எப்படி ஏற்றுவது என்று கேட்டேன். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் சந்தையிலும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை பேசுவோம், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இதுவும் பெரிய துண்டாக இருக்கும் போல என்று வைத்துக்கொண்டேன். ஆனால் துண்டுக்குள் இருக்கிற கை நடுங்குகிறதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் அது எப்படித் தெரியும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஐயாவுக்குத் தெரிந்தால் பிறகு சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஏலம் தீப்திக்கே படிந்தது. ஆனால் அவள் முகம் தொங்கிப்போய் இறங்கி வந்தாள். சாவியின் விலை கொசுறு மாதிரிதான், அதைக் கூரியரில் அனுப்புகிற கூலி சாவியைப் போல நாலு மடங்கு என்று சொன்னாள். நான் அதற்கு, இது எனக்குத் தெரிந்த வித்தைதான், சந்தையில் சிலபேர் கன்றும் பசுவுமாக ஓட்டிவந்து, பசுவை மட்டும் மலிவாக விலை பேசி முடித்துவிட்டு, கன்றுக்குத் தனி விலை என்பார்கள், கன்றை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் ஓட்ட முடியாது என்று சொன்னேன். பின்னால் நின்றிருந்த ஹாலாஸ்யம் சார், "அப்போ அந்தக் கன்னுக்குட்டியை நாம வாங்கவே வேண்டாம்டி. எங்கே இருக்கான்னு கேளு, ஆளை அனுப்பறோம்னு சொல்லு" என்றார்.

தீப்தி போன் போட்டாள். என் முன்னால்தான் பேசினாள், அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் பெயர் விஜய்ஆனந்த், கடிகாரக் கடை வைத்திருக்கும் துளசிராம் என்பவரின் மகன், கடை காளவாசலில் என்றாள். ஹாலாஸ்யம் சாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "காளவாசலா? கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள வந்துடுமேடி! அதுக்கா இந்தக் கூலி?" என்றார். தீப்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இந்தியா பூரா ஒரே ரேட்டாம்ப்பா. பசுமலையும் இந்தியாதானேங்கறான்" என்றாள். பிறகு ரொம்ப நேரம் பேசி, ஆள் நேரில் வந்து வாங்கினால் கூலி வேண்டாம் என்று அந்தப் பையன் ஒப்புக்கொண்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஹாலாஸ்யம் சார் சாவியின் விலையை என் கையில் கொடுத்து அனுப்பினார். நான் டவுன் பஸ்ஸில் காளவாசல் போய் இறங்கி, கடையை விசாரித்துச் சேர்ந்தேன். கடையில் துளசிராம் இருந்தார். அவருடைய வீட்டுக்கார அம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார், கடையும் வீடும் ஒன்றுதான். மகன் விஜய்ஆனந்த் கடையில் இல்லை. எப்படித் தெரியும் என்று ஐயா கேட்டதற்கு, நானே கேட்டேன். "பய விடியக்காலமே கோயம்புத்தூர் கிளம்பிட்டாண்ணே, இன்டர்வியூ. நாளைக்குத்தான் வாரான். ஆள் வருவாங்க, குடுத்துருங்கன்னு சொல்லிட்டுப் போனான்" என்று துளசிராம் சொன்னார். சொல்லும்போதே முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் காய்ச்சல் கண்டிருந்தது.

நான் சாவியின் விலையைக் கொடுத்ததும், அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். செருப்புக் கடையில் கொடுப்பார்களே, அந்த அளவு அட்டைப் பெட்டி. மேலே ஹாலாஸ்யம் சார் விலாசம் ஒட்டியிருந்தது. அது அவர் விலாசம்தான் என்று துளசிராமே படித்துச் சொன்னார். நேரில் ஆள் வருகிற பேச்சு வருவதற்கு முன்னாலேயே பையன் கட்டி வைத்துவிட்டானாம். இம்புட்டுப் பெரிய பெட்டிக்குள் விரல் நீளச் சாவியா என்று எனக்கு ஆச்சரியம். துளசிராமுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "பெட்டி பெருசா இருந்தாத்தான் கூலி நியாயமாத் தெரியும்னு சொல்றாண்ணே. இந்தக் காலத்துப் பயக" என்றார்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஐயா கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. எங்கள் சந்தையில் மாடு கைமாறினால், விற்றவன் கயிற்றோடு மாட்டை ஓட்டிப் போகக் கூடாது. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து பூட்டுவான், பழைய கயிறு விற்றவனிடமே நிற்கும். கயிறும் சேர்ந்து போனால் விற்றவன் தொழுவம் விளங்காது. இது உசிலம்பட்டிப் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஏலத்தில் எடுத்த சரக்கு என்பதால் நான் வீட்டிலிருந்தே புதுச் சணல் கயிறு ஒன்று மடியில் கொண்டு போயிருந்தேன். அந்தப் பெட்டியைப் பிரித்து, உள்ளே கசக்கித் திணித்திருந்த பேப்பருக்கு நடுவிலிருந்து சாவியை எடுத்து, என் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அதன்பின் பேப்பரையெல்லாம் திரும்ப உள்ளே வைத்து, மூடி, பெட்டியோடு வந்த கயிற்றாலேயே இறுக்கி முடிச்சுப் போட்டு, "உங்க கட்டு உங்களுக்கு" என்று சொல்லித் துளசிராம் கையில் கொடுத்தேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பெட்டியையும் கொண்டு போங்கண்ணே, இங்க என்னத்துக்கு?" என்றார். நான் கயிற்று விஷயத்தைச் சொன்னேன். அவர் வலியையும் மறந்து சிரித்து, பின்கட்டைப் பார்த்து அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மா அங்கிருந்தே சிரித்தார். பாத்திரச் சத்தத்தில் முழுக்கக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பெட்டியைப் பிரித்ததையும் கட்டியதையும் அந்த அம்மா பார்க்கவில்லை, அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. துளசிராம் பெட்டியைக் கல்லா மேசை மேலேயே வைத்தார். அதன்பின் அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து எனக்குக் காப்பி கொடுத்தார். மூன்று பேரும் காய்ச்சலைப் பற்றித்தான் பேசினோம். துளசிராமால் உட்கார முடியவில்லை, "நான் செத்த சாயுறேண்ணே, நீங்க பார்த்துப் போங்க" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நானும் வாரேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

அதன்பின் ரோட்டைத் தாண்டி எதிரில் உள்ள பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வரவில்லை. அப்போது கூரியர்காரர் ஜெயக்கொடி மொபெட்டில் வந்து அந்தக் கடை வாசலில் நிறுத்தினார். அவர் பசுமலைக்கும் பார்சல் கொண்டுவருகிறவர், அதனால் எனக்குப் பழக்கம். தினம் அந்தக் கடையில் வந்து அனுப்ப வேண்டியதை வாங்கிப் போவார் போலிருக்கிறது, ஹாரன் மட்டும் அடித்தார், இறங்கவில்லை. கடைக்குள்ளிருந்து ஒருவர் வந்து, மேசை மேல் இருந்த பெட்டியை எடுத்து ஜெயக்கொடி கையில் கொடுத்தார். அது நான் கட்டிய பெட்டிதான். முடிச்சு என் முடிச்சு, மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சு, ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. பரவாயில்லை, நம் கட்டைப் பிரிக்காமல் வேறு எதற்கோ உபயோகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயக்கொடி என்னைப் பார்த்து, "என்ன பெருசு, பிளாட்டை யாரு தூக்கிட்டுப் போயிரப் போறான்னு இங்க வந்து நிக்கிறீக?" என்று சத்தம் போட்டார். நான், "பிளாட்டைத் தூக்குறவன் உன்னையத்தாண்டா வண்டிக்குக் கூப்பிடுவான்" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பசுமலைக்கு வந்து சாவியைக் கொடுத்தேன். ஹாலாஸ்யம் சார் நாற்காலி போட்டு ஏறிச் சாவியைத் திருகினார், பிடித்துக்கொண்டது. கடிகாரம் நேரம் காலம் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்து, நிற்கிற வழியாக இல்லை. ஜானு அம்மா, "போதும்னா, ஒரு வருஷத்துக்குண்டானதை இன்னிக்கே அடிச்சுடும் போலிருக்கு" என்றார். அன்று சாயங்காலமே எனக்கும் காய்ச்சல் வந்து, கை கால் மடங்கிவிட்டது. மகள் சின்னத்தாய் வந்து என்னை உசிலம்பட்டிக்குக் கூட்டிப் போனாள். அதன்பின் நான் வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பவில்லை. அங்கே அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. என்னிடம் போலீஸ் உள்பட யாரும் வந்து கேட்கவுமில்லை.

இனிமேல் சொல்வது கேள்விப்பட்டது. போன மாதம் விஜய்ஆனந்த் என்னைத் தேடி உசிலம்பட்டிக்கு வந்தான். அன்றைக்குத்தான் அவன் முகத்தை முதலில் பார்க்கிறேன். அவன் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெட்டி மறுநாளே ஹாலாஸ்யம் சார் வீட்டுக்குப் போயிருக்கிறது. வாங்குகிறவர் கூலி கொடுத்து வாங்க வேண்டிய பார்சல். சார் வீட்டில் இல்லை. ஜானு அம்மா ஏதோ வர வேண்டியது என்று கூலியைக் கொடுத்து வாங்கிவிட்டார். பிரித்தால் கசக்கின பேப்பர். சாவியை நேரில் வாங்கியதால் தப்பிப்போன கூலியைப் பிடுங்கவே காலிப் பெட்டியை அனுப்பியிருக்கிறான் என்று ஹாலாஸ்யம் சார் நினைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், கன்றுக்குத் தனி விலை சொல்கிறவன் அதையும் செய்வான் என்றுதான் தோன்றும். போனில் கேட்டதற்கு விஜய்ஆனந்த், பெட்டியா, நான் அனுப்பவே இல்லையே என்று சொல்லியிருக்கிறான். அது உண்மை. பிறகு போலீஸில் புகார் ஆனதும், நான்தான் தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அது பொய். முதலில் இல்லை என்றவன் பிறகு ஆமாம் என்றதால் ஏமாற்று வழக்கு அவன் மேல் கெட்டியாக நின்றுவிட்டது. இப்போது அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, இந்த வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் விசாரணையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்த மாசத்துக்குள் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

எதற்குப் பொய் எழுதிக் கொடுத்தாய் தம்பி என்று கேட்டேன். அவன், "தாத்தா, கோர்ட்டுல உங்களைக் கூப்பிடுவாங்க. அன்னைக்குக் கடையில நான் இருந்தேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கட்டு காலின்னு தெரியாம நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிருங்க. தெரியாமச் செஞ்சதுன்னா விட்ருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு" என்றான்.

"நீ இல்லையே அப்பு."

"இருந்தேன்னு வச்சுக்கங்களேன்."

"வச்சுக்கிறதுக்கு அது என்ன அண்டா குண்டாவா?"

அவன் சிரிக்கவில்லை. கடையில் அன்றைக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தவருக்கு, தான் கொடுத்ததால்தான் இவ்வளவும் என்பது இன்றுவரை தெரியாது என்றான். தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் ஏதோ தகராறு என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறானாம். "தெரிஞ்சா தாங்காது தாத்தா. எங்கப்பா சாகுறப்பவும் அதைத்தான் சொன்னாரு, அவளுக்குத் தெரிய வேண்டாம்னு" என்று சொல்லிவிட்டு, என் மகள் வைத்த காப்பியைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டான்.

பெட்டியைக் கொடுத்தது விஜய்ஆனந்தா என்று ஐயா கேட்டதற்கு, இல்லை. துளசிராமா என்று கேட்டதற்கு, இல்லை, அவர் உள்ளே படுத்திருந்தார். நன்றாகத் தெரியுமா, மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்று கேட்டதற்கு, கொடுத்த கையின் மணிக்கட்டில் பாத்திரம் துலக்கின சாம்பல் ஒட்டியிருந்தது வரை தெரியும், காப்பி கொடுக்கும்போதே பார்த்தேன். அப்படியானால் யார் என்று ஐயா கேட்டதற்கு, முதலில் எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னேன், பிறகு சொல்கிறேன் என்றேன். ஐயா பொறுத்துக்கொண்டார்கள்.

எழுத்தர் முழுக்கச் சத்தமாக வாசித்தார். கட்டு என்று நான் சொன்ன இடத்தில் பேக்கிங் என்று எழுதியிருந்தார். கட்டு என்றே இருக்கட்டும் என்றேன், திருத்தினார். மற்றபடி என் வாயில் வந்ததுதான் தாளில் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, யாருக்கும் பயந்ததும் இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

ரேகைக்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒருவரைக் கூண்டில் ஏற்றாமல், அவர் வீட்டிலேயே போய், பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, உத்தரவு போட முடியும் என்று ஐயா சொன்னார்கள். அப்படியானால் சொல்கிறேன். பெட்டி கைமாறினபோது அந்த இடத்தில் இருந்தவர்களில் துளசிராம் போன மாசியில் இறந்துவிட்டார். கூரியர்காரர் ஜெயக்கொடி போன வருஷம் பைபாஸில் லாரி மோதிப் போய்விட்டார். என்னைத் தவிர இன்றைக்கு உயிரோடு இருப்பது, உள்ளே காய்ச்சலில் கிடந்த புருஷனை எழுப்ப மனசில்லாமல், மகன் மறந்துவிட்டுப் போன பார்சல் என்று நினைத்து அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்த அவன் அம்மா, ஹம்சவேணி.